இரண்டரை சென்ட் கட்டத்தில் ஒரு மலை

கல்வராயன் மலைச் சரிவில் ஒரு சாமைக் கொல்லையை எடுத்துக்கொள்வோம். நடுவே பாறை, ஓரத்தில் இரண்டு கடுக்காய் மரம். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோளுக்கு இதில் என்ன தெரியும்?

அதன் படத்தில் ஒரு கட்டம் பத்துக்குப் பத்து மீட்டர். நம் கணக்கில் சுமார் இரண்டரை சென்ட். அதற்குள் பயிர், பாறை, மரநிழல் எது இருந்தாலும் கலந்து ஒரே எண்ணாகிவிடும். கீழே கள்ளக்குறிச்சிச் சமவெளியில் கரும்பு ஏக்கர் கணக்கில் நிற்பதால் சிக்கலில்லை. மலைமேல்தான் கணக்கு குழம்பும். செயற்கைக்கோள் ஐந்து நாளுக்கொரு முறை வந்தாலும், பயிர் நிற்கும் மழை மாதங்களில் மேகமும் நிற்கும். ரேடார் மேகத்தைத் துளைக்கும். ஆனால் அது சாய்வாகப் பார்ப்பதால் எதிர்ச்சரிவைக் குறுக்கிவிடும், செங்குத்தான மறுசரிவை நிழலில் விட்டுவிடும்.

2000 பிப்ரவரியில் எண்டவர் விண்ணோடம் பதினொரு நாளில் உலக நிலப்பரப்பின் பெரும்பகுதியை ரேடாரால் அளந்தது. அடர்காட்டில் அது அளந்தது தரையை அல்ல. இலைகளுக்குள் எங்கோ பட்டுத் திரும்பிய அலையை. மலையின் உயரத்தோடு மரமும் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது! இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்திலோ சமவுயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்று. பதினைந்து மீட்டர் ஓடைப்பள்ளம் இரண்டு கோடுகளுக்கு நடுவே காணாமல் போகலாம். மழையில் அதைத் தாண்டி நடப்பவருக்குத்தான் அதன் ஆழம் தெரியும்.

மாவட்ட எல்லையும் ஒரு கட்டம்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கள்ளக்குறிச்சி மாவட்டத்தைத் தேடிப் பயனில்லை, விழுப்புரத்துக்குள் கிடக்கிறது. புது மாவட்டம் செயல்படத் தொடங்கியது 2019 நவம்பர் 26-ல். மலை அந்த எல்லையையும் மதிக்கவில்லை. சேலம் மாவட்டக் கருமந்துறைப் பக்கம் தொடர்கிறது.

செய்திக்கும் ஒரு கட்ட அளவு உண்டு: சம்பவம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. வெளியூர்க்காரர்கள் பலருக்கு இன்றும் கள்ளக்குறிச்சி என்றால் அதுதான். மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் மாதங்களில் கேமரா வருவதில்லை.

மலையை வேறு விதமாகவும் அளக்கலாம். வடக்கே, செங்கத்துத் தலைவன் நன்னனின் மலைக்கு வழி சொல்வது சங்கப் பாட்டான மலைபடுகடாம், 583 அடிகள். அதைப் பாடிய பெருங்கௌசிகனார் பெரும்பாலும் காதால் அளந்தவர். அருவியின் இரைச்சலும் தினை குற்றும் பெண்களின் வள்ளைப்பாட்டும் அதில் பதிவாகியிருக்கின்றன. கூடவே வழிப்போக்கருக்கு ஓர் எச்சரிக்கை: பரண்மேல் ஏறிய குறவர்கள் யானையை விரட்டக் கவண்கல் வீசுவார்கள், மரத்தின் மறைவில் ஒதுங்கிப் போங்கள்.