லாப்ரடார் குட்டிக்கு எவ்வளவு சோறு, எவ்வளவு ஓட்டம்?

போன வருடம் பேத்தி பிடிவாதம் பிடித்து ஒரு லாப்ரடார் குட்டியைத் தோட்டத்தில் கொண்டுவந்து விட்டாள். காவலுக்கு நாட்டு நாய் போதுமே என்று சொல்லிப் பார்த்தேன். இன்றும் என் கருத்து அதுதான்; கோம்பையும் சிப்பிப்பாறையும் நம் வெயிலுக்குப் பழகியவை. ஆனாலும் வந்துவிட்ட உயிரை ஒழுங்காக வளர்க்கணும் இல்லையா? அதில் நான் கோட்டை விட்டேன்.

மணி கேட்கும்போதெல்லாம் சோறும் பாலும் போட்டோம். காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்ற மொபெட்டில் போவேன். போக வர மூன்று கிலோமீட்டர், தார் ரோட்டில் பின்னாலேயே ஓடி வருவான். எனக்குப் பெருமை வேறு. ஐந்தாம் மாதம் பின்னங்காலை இழுக்க ஆரம்பித்தான். படுத்து எழுந்தால் முனகல். கால்நடை மருத்துவர் எடை போட்டார்: 23 கிலோ. எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "இடுப்பு மூட்டு சரியாப் பொருந்தலை சார். இந்த இனத்துக்குப் பிறவியிலேயே அந்த வாகு உண்டு. அதை வளர்த்துவிட்டது நீங்க போட்ட சோறும் ஓட்டமும்" என்றார்.

வளரும் குட்டியின் எலும்பு நுனிகள் குருத்தெலும்பாக இருக்கும். அவை முழுதாக இறுக ஒரு வயதாவது ஆகும். சிலதுக்கு ஒன்றரை வயது. அதற்குள் உடம்பு கனத்துவிட்டால் மூட்டு தாங்காது. யூரியாவை அள்ளிக் கொட்டிய நெல் கருகருவென்று வளர்ந்து, ஒரு காற்றுக்குச் சாய்ந்துவிடுமே, அதே கதைதான்.

பசியை அளவுகோலாக வைக்காதீர்கள். லாப்ரடாருக்கு வயிறு நிறைந்தது தெரிவதே கஷ்டம். நாலில் ஒரு லாப்ரடாருக்கு அந்த உணர்வைத் தரும் மரபணுவில் ஒரு துண்டு இல்லை என்று கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016இல் கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவில் 48 லாப்ரடார்களை வைத்து நடந்த நீண்ட ஆய்வு 2002இல் வெளியானது. ஒரே ஈற்றுக் குட்டிகளில் ஒன்றுக்குக் கால் பங்கு தீனியைக் குறைத்தார்கள். குறைத்துத் தின்றவை ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுத் தேய்மானமும் தள்ளிப்போனது.

நான்கு மாதம் வரை நாளைக்கு நாலு வேளை, ஆறு மாதம் வரை மூன்று, பிறகு இரண்டு. தட்டை வைத்துக் கால் மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். விலா எலும்பைத் தடவினால் கைக்குத் தட்டுப்படணும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கியிருக்கணும். இல்லையென்றால் அளவைக் குறையுங்கள். பெரிய இனக் குட்டிகளுக்கான பாக்கெட் தீனி போட்டால் கால்சியம் டானிக் வேண்டாம். இளங்குட்டியின் குடலுக்குக் கூடுதல் கால்சியத்தைத் தள்ளத் தெரியாது, எலும்பு கோணிவிடும். வெறும் வீட்டுச் சாப்பாடு என்றால் கால்சியம் பற்றாது, மருத்துவரிடம் அளவு கேளுங்கள். சோறு, முட்டை, வேகவைத்த கோழிக்கறி, கேரட் கொடுக்கலாம். வெங்காயமும் திராட்சையும் ஆகாது. நம்மைப் போன்றவர்களுக்கு இன்னொன்று: ஆமணக்குப் புண்ணாக்கு மூட்டையைப் பூட்டி வையுங்கள். வாசத்துக்கு நாய் ஆசைப்பட்டுத் தின்னும், உயிருக்கே ஆபத்து.

நடைக்கு மருத்துவர் சொன்ன கைக்கணக்கு, மாதத்துக்கு ஐந்து நிமிடம். நாலு மாதக் குட்டி என்றால் கயிறு பிடித்து இருபது நிமிடம், நாளைக்கு இரண்டு தடவை. வெயிலுக்கு முன்னும் பொழுது சாய்ந்த பின்னும்தான். மண் தரையில் அது பாட்டுக்கு விளையாடி, களைத்தால் படுத்துக்கொள்வது இந்தக் கணக்கில் வராது, அது நல்லது. மாடிப்படி, தொட்டிச் சுவரிலிருந்து குதிப்பது, வண்டி பின்னால் ஓட்டம் மூன்றும் கூடாது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஓய்வு. நீச்சல் மூட்டுக்கு நல்லது, லாப்ரடாருக்குத் தண்ணீர் என்றால் உயிர். ஆனால் ஷீட் விரித்த பண்ணைக்குட்டையில் விடாதீர்கள். வழுக்கும், ஏறி வர முடியாது. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றுப் பக்கமும் அப்படித்தான்.

மணிக்கு இப்போது பதினோரு மாதம், 27 கிலோ. பால் ஊற்ற நான் கிளம்பும்போது கட்டிப்போட்டுவிடுகிறேன். குரைத்து ஊரைக் கூட்டுவான். பனி நாளில் மட்டும் எழுந்ததும் நாலு எட்டு நொண்டுகிறான். ஒரு வயது முடிந்ததும் இன்னொரு எக்ஸ்ரே எடுக்கணும்.