ஒற்றும் இசைவும்

திருக்குறளின் 59ஆம் அதிகாரம் ஒற்றாடல். அது பொருட்பாலில் அரசனுக்குரியவற்றுள் ஒன்றாக வைத்து ஓதப்பெற்றது. வணிகன் தன்பால் வருவோரை ஒற்றறிதல் பற்றி ஆங்கு ஒரு சொல்லுமில்லை. இன்றோ அவ்வினை வணிகர் கைக்கு வந்துவிட்டது.

அண்மையில் ஒருநாள், நயினாதீவுக்குப் படகேறக் குறிகட்டுவான் துறையிற் காத்திருந்தேன். முழங்கால் நோவுக்கு மருந்து யாதெனக் கைத்தொலைபேசியில் தேடினேன். படகு மறுகரை அடையுமுன், தைல விளம்பரங்கள் வரிசையாய் வந்து நின்றன. வீட்டாருக்கும் சொல்லாத நோவு அது! வியந்துரைத்தபோது, உடன்வந்த மாணாக்கன், “ஐயா, நீங்கள்தானே சம்மதம் கொடுத்தீர்கள்” என்றான். உண்மையே. பல பக்கம் நீண்ட ஆங்கில நிபந்தனைகளை வாசியாமலே ‘சம்மதம்’ என்பதை அழுத்தியிருந்தேன்.

இச்சேவைகள் நம்மிடம் விலை கேட்பதில்லை, விளம்பரதாரரிடமே பெறுகின்றன. யார் எதனை நாடுவர் என்பதை எவ்வளவு நுட்பமாக அறிகின்றனவோ, அவ்வளவுக்கு அவற்றின் வருவாய் பெருகும். ஆதலின் நாம் தேடியதும், நின்று நோக்கியதும், சென்ற இடமும் குறித்து வைக்கப்படுகின்றன.

அறியாது தந்த இசைவு இசைவாகுமோ? பேஸ்புக்கில் ஆளுமை பற்றி வினாவிய செயலியொன்றை ஏறத்தாழ 2 இலட்சத்து 70 ஆயிரம் பேர் ஏற்றனர். அச்செயலியோ அவர்தம் நண்பர்களின் விவரங்களையும் வாரிக்கொண்டது. அவை அரசியற் பிரசாரத்துக்குத் துணைபுரிந்த கேம்பிரிட்ஜ் அனலிட்டிக்கா நிறுவனத்தைச் சென்றடைந்தன. 8 கோடியே 70 இலட்சம் பேர் வரையில் இதற்கு உட்பட்டிருக்கலாமென 2018 ஏப்ரலிற் பேஸ்புக்கே கூறிற்று. இசைந்தோர் சிலர், இழந்தோர் பலர். அந்தரங்கம் பேணத் தவறியமைக்காக 2019இல் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு அந்நிறுவனத்துக்கு 500 கோடி டொலர் தண்டம் விதித்தது.

இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இசைவுக்கு இலக்கணம் வகுத்துள்ளது. அது சுயவிருப்பின்பாற்பட்டதாய், இன்னதற்கென்று வரையறுத்ததாய், விளங்கித் தரப்பட்டதாய் இருத்தல் வேண்டும். விளங்குதற்கு முதற்படி மொழியன்றோ? நிபந்தனைகளைச் சுருக்கமாய், தெளிந்த தமிழிலும் சிங்களத்திலும் தருதல் அந்நிறுவனங்களின் கடன். அதனைக் கேட்டுப் பெறுதல் நம் கடன்.

ஆசிரியர்க்கு இன்னுமொரு கடனுண்டு. செய்யுளுக்குப் பதவுரை கூறும் நாம், அந்நிபந்தனைப் பக்கமொன்றையும் வகுப்பிலே விரித்து, சொற்சொல்லாய்ப் பொருள் காட்டுவோமாக. நம் மாணாக்கர், எதற்கு இசைகின்றோம் என்பதை அறிந்து இசையட்டும். இசையாமையும் தம் உரிமையென்று அறியட்டும்.