உஷார்! செயினில் ஏறினால் இறங்காது

பிளாக்செயினில் புராஜெக்ட் செய்கிறீர்களா? கல்லூரி ஹேக்கத்தானோ, நண்பர்களோடு சேர்ந்து தொடங்கிய ஸ்டார்ட்அப்போ, எதுவானாலும் சரி. அடுத்த வரி கோடு எழுதும் முன் இதைப் படித்துவிடுங்கள். பெற்றவர்களே, நீங்களும்தான். பிள்ளை ராத்திரியெல்லாம் கண்விழித்து என்ன கட்டுகிறது என்று கேட்பதில் தப்பே இல்லை.

நெதர்லாந்தில் நடந்தது இது. 2022 ஆகஸ்ட் 10. ஆம்ஸ்டர்டாமில் 29 வயது இளைஞர் ஒருவரைக் கைது செய்தார்கள். அவர் யார் வாலட்டிலும் கை வைத்தவர் இல்லை. புரோகிராம் எழுதுபவர்.

அவரும் கூட்டாளிகளும் உருவாக்கிய கருவியின் பெயர் டொர்னாடோ கேஷ். எத்தீரியம் என்ற பிளாக்செயினில் யார் யாருக்கு எவ்வளவு அனுப்பினாலும் ஊருக்கே தெரியும். உங்கள் வாலட் முகவரி ஒருமுறை வெளியே தெரிந்துவிட்டால் சம்பளம், கடன், கோயிலுக்குக் கொடுத்தது எல்லாம் அம்பலம். அதனால் பலரின் பணத்தை ஒரே குவியலில் போட்டு, போட்டவருக்கும் எடுத்தவருக்கும் உள்ள தொடர்பை அறுத்துவிடுகிறது இந்தக் கருவி. நியாயமான தேவைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதே குவியலுக்குள் வட கொரியாவின் லாசரஸ் ஹேக்கர் கும்பலும் நுழைந்தது. திருடிய பணத்தில் 45.5 கோடி டாலருக்கு மேல் அது இங்கே வெளுத்தது என்று சொல்லி, கருவியைத் தடைப் பட்டியலில் வைத்தது அமெரிக்க நிதித் துறை.

சரி, நிறுத்தியிருக்கலாமே? முடியாது! 2020 மே மாதத்திலேயே 1,114 பேர் பங்கேற்ற ஒரு சடங்கை நடத்தி, கருவியை மாற்றும் அதிகாரத்தைத் தாங்களே கைவிட்டிருந்தார்கள். இனி எங்களாலும் இதைத் தொட முடியாது என்பதுதான் அன்று அவர்கள் பெருமை. நீதிமன்றத்தில் அதையே சொல்லிப் பார்த்தார் அந்த இளைஞர். எடுபடவில்லை. தொட முடியாதபடி வடிவமைத்தது நீங்கள்தானே என்ற ரீதியில் போனது தீர்ப்பு.

2024 மே 14. ஐந்து ஆண்டு நான்கு மாதச் சிறை. அவர் மேல்முறையீட்டுக்குப் போனார்.

இதே விஷயத்தை அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2024 நவம்பரில் தலைகீழாகப் பார்த்தது. யாராலும் மாற்ற முடியாத கோடு யாருடைய சொத்தும் ஆகாது, அதைத் தடைப் பட்டியலில் வைக்க முடியாது என்றது. 2025 மார்ச்சில் தடை நீங்கியது. அப்பாடா என்று உட்கார்ந்துவிடாதீர்கள்! அதே ஆண்டு ஆகஸ்டில் அதே கருவியின் இன்னொரு கூட்டாளியை, உரிமமின்றிப் பணப் பரிமாற்றத் தொழில் நடத்தச் சதி செய்ததாக நியூயார்க்கில் ஜூரி குற்றவாளி என்றது. எந்த ஊர் நீதிமன்றம் எப்படிப் பார்க்கும் என்று உங்கள் டீமில் யாருக்குத் தெரியும்?

இந்தியாவில் கேட்க ஆளில்லை என்று நினைக்காதீர்கள். 2023 மார்ச் 7 முதல் கிரிப்டோவை மாற்றித் தருவது, பிறருக்காக வைத்திருப்பது போன்ற சேவைகள் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிய வேண்டும், கேஒய்சி வாங்க வேண்டும். “கம்பெனியை வெளிநாட்டில் பதிவு செய்துக்கலாம் மச்சான்” என்று ஒருவன் சொன்னால் அங்கேயே எழுந்துவிடுங்கள். 2023 டிசம்பரில் ஒன்பது வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகளுக்கு நோட்டீஸ் போனது. அதில் ஒன்றுக்கு அடுத்த ஜூனில் 18.82 கோடி ரூபாய் அபராதம்.

பயந்துபோய் எல்லாவற்றையும் திறந்து வைத்தாலும் ஆபத்து. அதுதான் பலருக்குத் தெரிவதில்லை. நோயாளி விவரம், மாணவர் சான்றிதழ் என்று செயினில் ஏற்றுகிறார்கள். ஐரோப்பியச் சட்டமும் நம் நாட்டின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தன் விவரத்தை அழிக்கச் சொல்லும் உரிமையை மனிதருக்குத் தருகின்றன. செயினில் எதை அழிப்பீர்கள்?

“ஹாஷ் செய்து, புரியாத எழுத்துக்கோவையாக்கித்தானே போடுகிறோம்” என்பீர்கள். போன் நம்பரை ஹாஷ் செய்தால் அது ரகசியம் ஆகாது! பத்து இலக்கம் என்றால் மொத்தமே ஆயிரம் கோடி வாய்ப்புகள். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று சில நிமிடங்களில் அத்தனையையும் போட்டுப் பார்த்துவிடும். பூட்டிவிட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்ட கதை.

உங்கள் டீமில் இந்தப் பேச்சு காதில் விழுந்தால் உஷார்:

“முதலில் மெயின்நெட்டில் விடுவோம், சட்டத்தைப் பிறகு பார்ப்போம்.”

“வக்கீலா? நாம வெறும் கோடுதானே எழுதுறோம்!”

“அட்மின் கீயா? அவன் லேப்டாப்ல இருக்கும்.”

கடைசி இரண்டும் ஒரே டீமில் கேட்டால், தயவுசெய்து அந்த புராஜெக்டிலிருந்து உங்கள் பெயரை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

வழியே இல்லையா என்றால், இருக்கிறது. எத்தீரியத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான விட்டாலிக் புட்டரினும் வேறு சிலரும் 2023இல் எழுதிய பிரைவசி பூல்ஸ் கட்டுரையைத் தேடிப் படியுங்கள். என் பணம் திருட்டுக் குவியலிலிருந்து வரவில்லை என்று, எந்தப் பணம் என்னுடையது என்பதைக் காட்டாமலே நிரூபிக்கலாம் என்கிறது அது. ஸீகேஷ் என்ற கிரிப்டோ நாணயத்தில் வியூயிங் கீ இருக்கிறது. கணக்கைக் காட்ட வேண்டியவருக்கு மட்டும் காட்டலாம். மனிதர்களின் விவரத்தை வெளியே சாதாரண டேட்டாபேஸில் வையுங்கள், அழிக்கச் சொன்னால் அழிக்கலாம். இதெல்லாம் சோதனைக்கான டெஸ்ட்நெட்டில் இருக்கும்போதே முடிவாக வேண்டும்.