இன்டர்காம் போர்டு எப்போது கெடுகிறது?

வல்லம் வடகால் சிப்காட்டில் பெண் தொழிலாளர்களுக்காகக் கட்டிய குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. 18,720 பேர் தங்கலாம். இவ்வளவு பேர் தூங்குகிற ஒரு வளாகத்தில் ராத்திரி ரெண்டு மணிக்குத் தீ என்றால் எப்படி எழுப்புவது? ஒவ்வொருத்தராக செல்போனில் கூப்பிட முடியாது. சுவரில் இருக்கிற ஸ்பீக்கர்தான் பேசணும். ஸ்பீக்கர் பேச, ஏதோ ஒரு இரும்புப் பெட்டிக்குள் ஒரு சர்க்யூட் போர்டு வேலை செய்யணும். அந்தப் போர்டைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

ஒரகடத்தில் செய்த நிசான் கார்கள் எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் கப்பல் ஏறுகின்றன. கார் செய்யும் தொழிற்சாலையிலும், அதை ஏற்றிப்போகும் கப்பலிலும் இருக்கிற இன்டர்காம் அடிப்படையில் ஒரே மாதிரிதான். ஒரு முனையில் மைக், பொத்தான். நடுவில் ராக்கில் செருகிய கார்டுகள்: இணைப்பு மாற்றுவது ஒன்று, ஆம்ப்ளிஃபயர் ஒன்று, பவர் சப்ளை ஒன்று. கரண்ட் போனால் தாங்க 24 வோல்ட் பேட்டரி. மறுமுனையில் ஹாரன் ஸ்பீக்கர்.

ஸ்பீக்கர் வரிசை பெரும்பாலும் 100 வோல்ட் லைன். காரணம் சின்னக் கணக்கு. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 10 வாட் நேரடியாகக் கொடுத்தால் 1.1 ஆம்பியர் ஓடும். 100 வோல்ட்டில் அதே 10 வாட்டுக்கு 0.1 ஆம்பியர் போதும். வயரில் வீணாவது கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், நஷ்டம் நூறு மடங்குக்கு மேல் குறைகிறது. அதனால்தான் மெல்லிசு வயரிலேயே கடைசி ஷெட் வரைக்கும் சத்தம் போகுது. ஆனால் ஆம்ப்ளிஃபயர் ஓடும்போது அந்த வயரில் கை வைத்தால் ஷாக் அடிக்கும். மறக்காதீங்க.

சரி, போர்டை எது கெடுக்கிறது?

முதல் எதிரி உப்பும் ஈரமும். சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். நம்ம பக்கம் ராத்திரியில் அந்த அளவு சர்வ சாதாரணம். கப்பலில் உப்பு கடல்காற்றில் வருகிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கடல் தூரம்தான். ஆனால் போர்டைத் தொட்ட விரலின் வியர்வை, துடைக்காமல் விட்ட சால்டரிங் ஃப்ளக்ஸ், முலாம் பூசும் இடத்து அமில ஆவி எல்லாம் அதே வேலையைச் செய்யும். ஈரமான உப்பு, இரண்டு தடங்களுக்கு நடுவே கரண்ட் கசிய வழி போட்டுத் தருகிறது. விடியற்காலை கரகர என்று இரைகிற ஸ்டேஷன் மதியம் நல்லாப் பேசினால், முதலில் இதைத்தான் சந்தேகப்படணும். மெக்கானிக் வருகிற நேரத்தில் போர்டு காய்ந்திருக்கும். 'எல்லாம் ஓகே' என்று எழுதிவிட்டுப் போவார்.

இரண்டாவது சூடு. எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள், சூடு 10 டிகிரி குறைந்தால் ஏறக்குறைய இரட்டிக்கும். 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று போட்டிருக்கும் கெப்பாசிட்டர் 65 டிகிரியில் 32,000 மணி நேரம் ஓடும். இராப்பகலாக ஓடினால் மூன்றரை வருஷத்துக்குக் கொஞ்சம் மேல். தகர ஷெட்டில், பவர் சப்ளைக்குப் பக்கத்தில் இருப்பது இன்னும் சீக்கிரம் காயும். ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்ற ரீங்காரம் கேட்டால் ஃபில்டர் கெப்பாசிட்டரைப் பாருங்க. நம்ம ஊரில் அது 100 ஹெர்ட்ஸ். கப்பல்களில் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் என்பதால் அங்கே 120.

மூன்றாவது இடி. ஒரு ஷெட்டிலிருந்து இன்னொரு ஷெட்டுக்கு வெளியே ஓடும் நீள வயர், ஐப்பசி கார்த்திகையில் மின்னலுக்கு ஆன்டெனா மாதிரி. லைன் முனையில் இருக்கும் சர்ஜ் பாதுகாப்புச் சாமான்கள் ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் தேயும். செப்டம்பரிலேயே அவற்றையும் எர்த்தையும் சோதித்துவிடணும்.

இந்த மூன்றுக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு. மூன்றும் சத்தமில்லாமல் நடக்கின்றன. மோட்டார் நின்றால் உற்பத்தி நிற்கும், உடனே ஆள் ஓடி வருவான். இன்டர்காம் செத்தால் யாருக்கும் தெரியாது. பேசவேண்டிய நாளில்தான் தெரியும்.

1988 ஜூலை 6 அன்று வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை வெடித்து 167 பேர் இறந்தார்கள். கட்டுப்பாட்டு அறை ஆரம்பத்திலேயே சேதமானது. எங்கே போகணும் என்று ஒலிபெருக்கியில் ஒரு அறிவிப்பும் வரவில்லை. தங்குமிடத்தில் காத்திருந்தவர்கள் பலர் புகையில் இறந்தார்கள். புதிய பயணிகள் கப்பல்களில் இரண்டு தனி ஆம்ப்ளிஃபயர், விலகி ஓடும் இரண்டு வயர் சுற்று வேண்டும் என்று சோலாஸ் விதி கேட்பதன் அர்த்தம் இதில் விளங்கும். ஒரு இடம் போனாலும் குரல் போகக் கூடாது.

நடைமுறையில் செய்யவேண்டியவை:

பவரையும் பேட்டரியையும் கழற்றி, கெப்பாசிட்டர் வடிந்த பிறகே கார்டை உருவுங்க. கையில் எர்த் பட்டை கட்டாயம். கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்வது நல்லது.

மெல்லிய பிரஷ், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கொண்டு சுத்தம் செய்யுங்க. பெயிண்ட் தின்னர் வேண்டாம். நன்றாகக் காய்ந்த பிறகே பாதுகாப்புப் பூச்சு. ஈரத்தின் மேல் பூசினால் ஈரத்தை உள்ளே பூட்டியதாகும். கனெக்டர், வால்யூம் திருகு, திறந்த ரிலே முனைகளில் பூச்சு படக் கூடாது.

கார்டின் தங்க முனையை உப்புத்தாளால் தேய்க்காதீங்க. தங்கம் போனால் செம்பு கருக்கும்.

பேட்டரியை மீட்டரில் மட்டும் பார்த்தால் போதாது. மெயினை அணைத்துவிட்டு முழு வால்யூமில் பேசிப் பார்க்கணும். லோடு விழும்போதுதான் பேட்டரியின் நிஜம் தெரியும்.

சத்தத்தை மெஷின் ஓடும்போது அளக்கணும். கப்பல் விதிப்படி அபாய ஒலி குறைந்தது 80 டெசிபல், சுற்றுச் சத்தத்தைவிட 10 டெசிபல் அதிகம். தொழிற்சாலைக்கும் இது நல்ல அளவுகோல்.

எல்லாவற்றுக்கும் மேலே, ஷிப்டுக்கு ஒரு தடவை ஒவ்வொரு ஸ்டேஷனிலிருந்தும் பேசிப் பாருங்க. விடியற்காலை ஷிப்டை விட்டுவிடாதீங்க. ஈரக் கோளாறு அப்போதுதான் கையும் களவுமாகப் பிடிபடும். ஒரு நோட்டு, ஒரு பேனா, பத்து நிமிஷம். செலவு அவ்வளவுதான்.