கண்ணாடி அணிந்தவன் யார்?

சித்திரக்கதை இலக்கியமாகுமா என்ற வழக்கை இன்று ஒருபுறம் வைப்போம். அதன் சுவைஞர்கள் பல தசாப்தங்களாக விடாது வாதிடும் ஒரு வினா இலக்கிய மாணவருக்கும் உரியதே. சுப்பர்மேன், கிளாக் கென்ற் என்ற இரு உருவங்களில் மெய் எது, வேடம் எது?

1938 யூன் மாதத் திகதியிட்ட 'அக்ஷன் கொமிக்ஸ்' முதல் இதழில் இப்பாத்திரம் தோன்றியது. எழுதியவர் ஜெரி சீகல். வரைந்தவர் ஜோ ஷஸ்டர். இருவரும் அமெரிக்காவின் கிளீவ்லன்ட் நகரில் ஒரே பாடசாலையில் பயின்றவர்கள். யூதக் குடியேறிகளின் பிள்ளைகள். அழிந்துபோன கோளொன்றிலிருந்து குழந்தையாக வந்து சேர்ந்தவன், மூக்குக்கண்ணாடியும் கூச்சமும் கொண்ட பத்திரிகை நிருபன் கிளாக்காக நடமாடுகிறான். உடன் பணிபுரியும் லொயிஸ் லேன் கிளாக்கை இகழ்கிறாள், சுப்பர்மேனை விரும்புகிறாள். இருவரும் ஒருவரே என்பது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

இச்சுவை நமக்குப் புதிதன்று. விராட நகரிற் பிருகன்னளையாய் இருந்த அருச்சுனனையும், வாகுகனாய்த் தேரோட்டிய நளனையும் அறிந்தவர்கள் நாம். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அருச்சுனனின் வேடம் ஓராண்டில் முடிகிறது. எது வேடம் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. கிளாக்கின் வாழ்வோ ஆண்டாண்டாய் நீள்கிறது. இத்தனை காலம் வாழ்ந்த பின்பும் அதனை வேடம் என்பதா?

பழைய சித்திரக்கதைகள் பெரும்பாலும் 'ஆம்' என்றே விடை கூறின: சுப்பர்மேனே மெய், கிளாக் வெறும் நடிப்பு. 1978இல் றிச்சட் டொனர் நெறிப்படுத்திய திரைப்படத்தில் ஒரு காட்சி. லொயிஸின் வீட்டில், அவள் உள்ளறையில் இருக்கும் வேளை, கிளாக்காக நடிக்கும் கிறிஸ்தோபர் ரீவ் கண்ணாடியைக் கழற்றி நிமிர்கிறார். தோள் விரிகிறது, குரல் கனக்கிறது. உண்மையைச் சொல்ல வாயெடுத்தவர் மனம் மாறி மீண்டும் கூனிக் குறுகுகிறார். ஓர் உடலே இரு மனிதராகும் அந்த இடத்தை நாடகம் பயில்வோர் தவறவிடக்கூடாது.

1986இல் ஜோன் பேர்ண் ஆறு இதழ்களில் கதையைப் புதிதாக எழுதியபோது விடை தலைகீழாயிற்று. கமக்காரக் குடும்பத்தில் வளர்ந்த கிளாக்கே மெய்மனிதன். சுப்பர்மேன் அவன் கடமைக்காக அணியும் உடை. சுவைஞர்கள் இரு அணியாயினர். 2004இல் வெளிவந்த 'கில் பில்' இரண்டாம் பாகத்தில் வில்லன் பழைய கட்சியையே எடுத்துப் பேசுகிறான்: கோழையான கிளாக், மனித குலத்தைப் பற்றிச் சுப்பர்மேன் கொண்ட மதிப்பீடாம். சாமர்த்தியமான வாதந்தான். ஆனால் என் சார்பு பேர்ண் பக்கமே. பேசிய மொழி, உண்ட உணவு, அம்மா என்று அழைத்த பெண் எல்லாமே கமத்தில் வாய்த்தவை. பிறந்த கோள் தந்தது உடல் வலிமையை மட்டுமே.

இன்னோர் அடையாளமும் இக்கதையில் மறைந்து கிடந்தது. 1938இல் சீகலும் ஷஸ்டரும் உரிமையை 130 டொலருக்கு விற்றிருந்தனர். 1947இல் உரிமை கோரி வழக்குத் தொடுத்தனர். அதன்பின் அவர்களது பெயர்கள் கதைகளிலிருந்து நீக்கப்பட்டன. 1975இல் சீகல் பகிரங்கமாக முறையிட்டார். ஷஸ்டருக்கு அப்போது கண்பார்வை மிக மங்கியிருந்தது. சக சித்திரக் கலைஞர்கள் துணைநிற்க, அவ்வாண்டிறுதியில் இருவருக்கும் ஓய்வூதியமும், படைத்தவர்கள் என்ற பெயரும் கிடைத்தன. ரீவ் நடித்த அப்படத்தின் தொடக்கத்தில் அவ்விருவர் பெயரும் திரையில் வருகின்றன.