வாக்குரிமையும் வயிற்றுப்பாடும்

வேலையிழந்த வீட்டின் வாயிலில் வந்து நிற்கும் வேட்பாளரிடம் நாம் எதைக் கேட்கிறோம்? பசித்தவன் அரிசி கேட்பது இயல்பே. ஆயினும் அரிசியோடு சேர்த்துக் கேட்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. அதனை 2021ஆம் ஆண்டின் கோடைக்காலம் நம் கடலூர் மண்ணுக்குக் கடுமையாகவே உணர்த்தியது.

கடலூர் முதுநகரைக் கடந்து சிதம்பரம் செல்லும் சாலையில், உப்பனாற்றை ஒட்டி அமைந்துள்ளது சிப்காட் தொழிற்பேட்டை. மீனையும் வயலையும் நம்பியிருந்த குடிகாடு, ஈச்சங்காடு, சங்கொலிக்குப்பம் முதலிய சிற்றூர்களுக்கு, 1980களில் அது மாதச் சம்பளம் என்னும் புதிய நம்பிக்கையைக் கொண்டுவந்தது. அதனோடு இரசாயன நெடியும் வந்தது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல், நாட்டிலேயே மிகக் கடுமையாக மாசுபட்டவை எனக் கண்ட 43 தொழிற்பகுதிகளில் கடலூரும் ஒன்று. ஊதியமும் வேண்டும், உயிரும் வேண்டும் என்னும் இருதலைத் துன்பம் இவ்வூர்களுக்குப் பழகிப்போன ஒன்று.

இந்நிலையில்தான் கொரோனாத் தொற்று வந்தது. 2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. அடுத்துவந்த ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதங்களில், நாட்டின் மொத்த உற்பத்தி முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு சுருங்கியது. சேமிப்புக் கரைந்து, நகை அடகுக்குப் போன அவ்வேளையில் சட்டமன்றத் தேர்தல் வந்தது. வாக்களிப்பு நாளான 2021 ஏப்ரல் 6, உயிர்ப்புப் பெருவிழாவை அடுத்த செவ்வாய்க்கிழமை. அரிசி அட்டைக் குடும்பங்களுக்கு 4,000 ரூபாய் நிவாரணம் என்றது ஓரணி. குடும்பத் தலைவிக்கு மாதம் 1,500 ரூபாயும், ஆண்டுக்கு ஆறு எரிவாயு உருளைகளும் என்றது மற்றோர் அணி. மே 7 அன்று பொறுப்பேற்ற புதிய அரசு, முதல் தவணையாக 2,000 ரூபாய் வழங்க உடனே ஆணையிட்டது. அப்பணம் பல வீடுகளில் உலையேற்றியது. அதை இகழ்ந்துரைப்பவர் பசியறியாதவர்.

ஆனால் ஒரு வாரம் கழியுமுன், மே 13ஆம் நாள் காலையில், சிப்காட்டிலுள்ள பூச்சிக்கொல்லித் தொழிற்சாலை ஒன்றில் பெரும் வெடிவிபத்து நேர்ந்தது. நால்வர் மாண்டனர், பலர் நச்சுப் புகையால் மூச்சுத்திணறி மருத்துவமனை சென்றனர். உழைத்துப் பிழைக்கச் சென்றவர்கள் பிணமாகத் திரும்பிய அவ்வீடுகளுக்கு எந்த நிவாரணம் ஈடாகும்?

ஆபத்தை முன்கூட்டியே எடுத்துச் சொல்லத் தொழிலாளிக்கு உரிமை இல்லையா என நாம் வினவலாம். உண்டு. போபால் நச்சுவாயுப் பேரழிவுக்குப் பின், 1987இல் திருத்தப்பட்ட தொழிற்சாலைச் சட்டம் அவ்வுரிமையைத் தெளிவாகவே அளித்தது. ஆனால் நாளை வேலை உண்டோ இல்லையோ என அஞ்சி நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளி வாய்திறப்பானா? மந்த காலத்தின் மிகப் பெரிய தீங்கு இதுவே. அது பணப்பையை மட்டுமன்று, மனிதனின் நாவையும் கட்டிவிடுகின்றது. குத்தகைதாரரோ மேலாளரோ எட்டிப்பார்க்க இயலாத இடத்தில், ஏழைத் தொழிலாளி அஞ்சாது பேசும் சொல் ஒன்று உண்டென்றால், அது அவனது இரகசிய வாக்கே.

வாக்கின் வலிமையை நம் முன்னோர் கண்டிருக்கின்றனர். 1929க்குப் பின் உலகைப் பிடித்த பொருளாதார மந்தத்தில், சென்னை மாகாணத்தில் நெல்விலை ஏறக்குறைய பாதியாக வீழ்ந்தது. உழவர் கடனில் மூழ்கினர். 1937 தேர்தலில் வென்று இராஜாஜி தலைமையில் அமைந்த அரசு, மறு ஆண்டே உழவர் கடன் நிவாரணச் சட்டத்தை இயற்றிற்று. 1932 அக்டோபருக்கு முற்பட்ட கடன்களின் மீது நிலுவையாயிருந்த வட்டி தள்ளுபடியாயிற்று. ஆனால் சொத்தோ வரியோ கல்வியோ உடையோர்க்கே அந்நாளில் வாக்குரிமை. சட்டத்தின் பயனும் பெரும்பாலும் நிலத்தில் உரிமையுடையோரையே சேர்ந்தது. வாக்கற்ற கூலியாளை அது எட்டவில்லை. இன்றோ கூலியாளுக்கும் வாக்கு உண்டு!

அதே மந்தத்தின் நடுவே, 1931இல், பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் தம் சுற்றுமடலில், தொழிலாளியின் ஊதியம் அவன் குடும்பத்தையும் தாங்கவல்லதாக இருத்தல் வேண்டுமென்று போதித்தார். 1981இல் பாப்பரசர் 2ஆம் அருள் சின்னப்பர், உடல்நலத்துக்குக் கேடு விளைக்காத பணியிடமும் தொழிலாளியின் உரிமையே என்றார். ஊதியம், பாதுகாப்பு ஆகிய இரண்டும் சேர்ந்ததே கிறிஸ்தவன் கேட்க வேண்டிய நீதி. ஒன்றைப் பெற மற்றொன்றை விற்கும்படி எவரையும் நெருக்குதல் பாவம்.

வாக்களித்ததோடு நம் கடமை முடிந்துவிடுவதுமில்லை. நாள்தோறும் பன்னிரண்டு மணிநேர வேலைக்கு வழிவகுத்த சட்ட முன்வடிவு 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றத்தில் நிறைவேறிற்று. தொழிற்சங்கங்களும் பல கட்சிகளும் ஒருங்கே எதிர்க்கவே, அது திரும்பப் பெறப்படுவதாக மே முதல் நாளிலேயே அறிவிக்கப்பட்டது. தேர்தல் இல்லாத ஆண்டிலும் மக்கள் குரல் கோட்டையை எட்டும் என்பதற்கு இது சான்றன்றோ?

தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாகிய அந்த மே முதல் நாளிலேதான் நம் ஊராட்சிகளில் கிராம சபையும் கூடுகின்றது. காலையில் திருப்பலி கண்ட குடும்பங்கள், பின்னர் கிராம சபைக்கும் சென்று அமரட்டும். அருகிலுள்ள ஆலைகளில் எச்சரிக்கைச் சங்கு ஒலிக்கின்றதா, விபத்து நேர்ந்தால் எத்திசையில் ஓடுவது, ஒப்பந்தத் தொழிலாளர்க்குக் காப்புக் கருவிகள் உண்டா என்று கேட்கட்டும். அடுத்த தேர்தலில் வாயிலுக்கு வரும் வேட்பாளரிடமும் அவ்வினாக்களையே எழுப்பட்டும்.

திராட்சைத் தோட்ட உவமையில் வரும் தலைவர், வேலையின்றி நின்றோரைத் தேடி ஒரே நாளில் ஐந்து முறை கடைத்தெருவுக்குச் சென்றார். நம்மை ஆள விரும்புவோர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வருகின்றனர். அவர்களை இடையிலும் வரச்செய்வது நம் கையில் இருக்கின்றது.