தேங்கிய சரக்கு தேடப்படும் பொருளான கதை

மளிகைக் கடைக்காரருக்கும் அமெரிக்கக் காருக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். காரை விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் உள்ள கொள்முதலைப் பாருங்கள். விலை முடிவாகும் முன் கொடுத்த ஆர்டர், விற்காமல் நின்ற சரக்கு, திருப்பி அனுப்பிய மீதி, பிற்காலத்தில் பொன்னாக மாறிய பழைய பில் என்று நமக்குப் பழக்கமான எல்லாம் இந்தக் கதையில் இருக்கின்றன.

1960களில் அமெரிக்க இளைஞர்களிடையே 'மசில் கார்' எனப்படும் வண்டிகளுக்குப் பெரிய மோகம் இருந்தது. அளவான உடலுள்ள இரண்டு கதவு காரில் மிகப் பெரிய வி-8 எஞ்சினைப் பொருத்தி விற்பார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் செவ்ரோலெட் கமாரோ அவற்றில் ஒன்று. ஆனால் அந்த அளவுக் கார்களில் 400 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினைப் பொருத்தக் கூடாது என்று அந்த நிறுவனமே விதி வைத்திருந்தது.

விதியோடு ஒரு வழியும் இருந்தது. டாக்ஸி, போலீஸ் வண்டி போன்றவற்றை மொத்தமாக வாங்குவோருக்காகத் தலைமை அலுவலகம் மூலம் தனி ஆர்டர் எடுக்கும் முறை அது. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அதைக் 'கோப்போ' என்பார்கள். செவ்ரோலெட்டில் வேக வண்டிகளைக் கவனித்து வந்த வின்ஸ் பிக்கின்ஸ், இந்த வழியைப் பயன்படுத்திக்கொண்டார்.

இல்லினாய் மாநிலத்தில் லா ஹார்ப் என்ற சிற்றூரில் செவ்ரோலெட் விற்பனையாளராக இருந்தவர் ஃப்ரெட் கிப். பந்தயத்தில் ஆர்வமுள்ளவர். ஒரு மாடலில் குறைந்தது 50 கார்கள் தயாரானால்தான் அதைப் பந்தயத்தில் அனுமதிப்பார்கள் என்பதால், அவர் ஒருவரே 50 கமாரோக்களுக்கு ஆர்டர் கொடுத்தார். எஞ்சின் முழுக்க அலுமினியத்தால் ஆனது. 427 கன அங்குலம், அதாவது 7 லிட்டர். இதன் பெயர் இசட்-எல்-1. கணக்கில் 430 குதிரைத் திறன் என்று எழுதினார்கள். உண்மையில் 500க்கு மேல் என்பது தொழில் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

ஆர்டர் கொடுத்த நேரத்தில் இறுதி விலை முடிவாகவில்லை. 1968 டிசம்பர் கடைசியில் முதல் வண்டிகள் வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. எஞ்சினுக்கு மட்டும் 4,160 டாலர். வண்டி மொத்தம் 7,200 டாலருக்கு மேல். சாதாரண வி-8 கமாரோ சுமார் 2,700 டாலர்தான். அதே கம்பெனியின் உயர்ந்த வண்டியான கார்வெட்டே 4,800 டாலருக்குள் கிடைத்தது. சிற்றூரில் அந்த விலைக்கு எத்தனை பேர் வாங்குவார்கள்? கிப் 13 வண்டிகளை விற்றார். மீதி 37ஐக் கம்பெனியே திரும்ப எடுத்துக்கொண்டு வேறு விற்பனையாளர்களுக்குப் பிரித்து அனுப்பியது. மற்ற விற்பனையாளர்கள் கேட்டுச் செய்தவை 19. ஆகத் தயாரானவை 69 மட்டுமே.

விலை ஏறியது எப்படி?

1970க்குப் பிறகு இத்தகைய கார்களுக்கு இன்சூரன்ஸ் கட்டணம் ஏறியது. புகைக் கட்டுப்பாடு வந்தது. 1973இல் பெட்ரோல் நெருக்கடி வந்தது. பெரிய எஞ்சின் கார்களின் காலம் முடிந்தது. வாங்கியவர்களில் பலர் பந்தயத்தில் ஓட்டி எஞ்சினைக் கெடுத்து, வேறு எஞ்சினை மாட்டினார்கள். அந்த நாளில் இளைஞராக இருந்து ஏக்கத்தோடு பார்த்தவர்கள், பிற்காலத்தில் கையில் பணம் வந்ததும் தேடத் தொடங்கினார்கள். யாரும் வாங்காத வண்டி, பல லட்சம் டாலருக்கு ஏலம் போகும் வண்டி ஆயிற்று.

குறைவாக இருப்பதால் மட்டும் விலை வந்துவிடாது. 1969லும் அவை 69தான், அப்போது கேட்பாரில்லை. சரக்கு அரிதாக இருப்பதோடு, கேட்பவரும் இருந்தால்தான் விலை.

அசலை அறிவது எப்படி?

விலை ஏறியதும் போலி வந்துவிடும். இந்தக் காரில் போலி செய்வது எளிது. அந்தக் கால செவ்ரோலெட் வண்டி எண்ணில் மாடல், ஆண்டு, தொழிற்சாலை மட்டுமே தெரியும். 1969 கமாரோவில் '124379' என்று தொடங்கினால் வி-8 கூப்பே என்று பொருள். அடுத்து வரும் 'என்' என்ற எழுத்து ஒஹையோ மாநில நார்வுட் தொழிற்சாலையைக் குறிக்கும். எந்த வி-8 எஞ்சின் என்பது அதில் இருக்காது. எனவே சாதாரண கமாரோவில் பெரிய எஞ்சினை வைத்து அசல் என்று விற்க முயல்வார்கள்.

விவரம் தெரிந்தவர் காரின் பளபளப்பைப் பார்ப்பதற்கு முன் காகிதத்தைக் கேட்பார். முதலாவது, அன்றைய விற்பனையாளரின் பில். இரண்டாவது, உத்தரவாதப் புத்தகத்தில் ஒட்டிய சிறு உலோகத் தகடு. அதில் வண்டி எண்ணும் எஞ்சின் குறியீடும் பதிந்திருக்கும். மூன்றாவது, தொழிற்சாலையில் என்னென்ன பொருத்த வேண்டும் என்று அச்சிட்ட தாள். இது பின் இருக்கைக்கு அடியிலோ பெட்ரோல் டாங்கின் மேலோ பல ஆண்டு கழித்து அகப்படுவதுண்டு. நான்காவது, முதல் உடைமையாளர் முதல் இன்றைய உடைமையாளர் வரை கைமாறிய வரலாறு.

பிறகு எஞ்சினைப் பார்ப்பார். எஞ்சினில் வண்டி எண்ணின் கடைசி இலக்கங்கள் அடிக்கப்பட்டிருக்கும். அது வண்டியோடு ஒத்துப்போக வேண்டும். ஏமாற்றுக்காரர் பழைய எண்ணைத் தேய்த்து வேறு எண் அடிப்பார். ஆனால் எந்திரம் சீவிய மெல்லிய இணைகோடுகள் அந்த இடத்தில் இருக்க வேண்டும். தேய்த்தால் கோடுகள் அழிந்துவிடும். தராசுப் படிக்கல்லில் முத்திரை பார்ப்பது போலத்தான் இதுவும். சொந்த எஞ்சின் உள்ள வண்டிக்கும் மாற்று எஞ்சின் உள்ள வண்டிக்கும் விலையில் பெரிய வித்தியாசம் உண்டு.

வைத்திருப்பதன் செலவு

வாங்கினால் முடிந்துவிடாது. அழுத்த விகிதம் 12க்கு 1 என்பதால் சாதாரண பங்க் பெட்ரோல் ஒத்துவராது. பந்தய எரிபொருள் வேண்டும். அசல் உதிரி பாகங்கள் கிடைப்பது அரிது. காப்பீடு, காவல், காற்றோட்டமான உலர்ந்த இடம் எல்லாம் செலவு. ஓட்டினால் தேயும், ஓட்டாமல் நிறுத்தினால் ரப்பரும் குழாய்களும் கெடும். விலையும் ஏறிக்கொண்டே இருக்காது. 2008ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் மசில் கார்களின் விலை நன்றாக இறங்கியது. கடன் வாங்கி வாங்கியவர்கள் திண்டாடினார்கள்.

இதைப் படித்துவிட்டு, விற்காத சரக்கைக் கிடங்கில் போட்டால் பிறகு பொன்னாகும் என்று யாரும் எண்ண வேண்டாம். பருப்பில் வண்டு விழும், காரில் விழாது. விலை பெருகியது பிற்காலத்தில் வைத்திருந்தவர்களுக்கு. ஆர்டர் கொடுத்த கிப்புக்குக் கிடைத்தது திருப்பி அனுப்பும் வேலைதான். கம்பெனி திரும்ப எடுத்துக்கொண்டதால் அவர் பிழைத்தார். நமக்குச் சரக்கு அனுப்புகிறவர் எடுத்துக்கொள்வாரா என்பதை ஆர்டர் போடும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள், விலையையும் அப்படியே. பில்லைப் பத்திரமாக வையுங்கள். ஐம்பது ஆண்டு கழித்தும் சரக்குக்குச் சாட்சி சொன்னது அந்தச் சிற்றூர் வியாபாரி போட்ட பில்தான்.